மார்கிறட் மாமியின் குரலில்

"குரங்கே! ஏலாத புள்ளையை ஏமாத்தி விளையாடுறியா? நீ நரகத்துக்குத்தான் போவாய்!"

மார்கிறட் மாமி என் காதைப் பிடித்துத் திருகினா. கல்லடியில் எங்கள் ஒழுங்கை முழுக்க அவவின் பக்கம்தான்.

நான் செய்தது இவ்வளவுதான். மாமியின் மகள் செசீலியா யன்னலடியில் இருந்தாள். மாமியின் குரலை எடுத்து, "மகள், சாப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"ஓம் அம்மா," என்றாள்.

பங்குச் சுவாமியாரைப் போல இருமினேன்.

"தோத்திரம் சுவாமி," என்று கைகூப்பினாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் மாமி வந்தா.

செசீலியாவுக்கு என் வயதுதான். டவுன் சின்ட்ரோமோடு பிறந்தவள். போன கிழமை, பாலத்துக் காவலரணில், அதுதான் சென்றியில், ஆமிக்காரன் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினான். இவள் நிற்காமல் நேரே நடந்தாள். துவக்கு 'களக்' என்றது. மாமி பாய்ந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு றோட்டில் விழுந்தா.

அன்றைக்குப் பூட்டிய கதவுதான். செசீலியாவுக்குக் கோயிலும் இல்லை, கடற்கரையும் இல்லை.

"வரவர அவளுக்குப் புத்தி குறையுது," என்றா, சத்தம் கேட்டு வந்து நின்ற பக்கத்து வீட்டு அன்னப்பூரணியக்கா. "சொந்தச் சித்தியையே றோட்டில தெரியல்லயாமே. இனிப் பூட்டித்தான் வைக்கோணும்."

"மாமி, காதை விடுங்க," என்றேன். "ஒண்டு காட்டுறன். வாயை மட்டும் திறக்கப்படா."

யன்னலுக்கு முன்னால் போய் நின்றேன். எனக்கும் செசீலியாவுக்கும் நடுவில் ஒரு முழம். முகத்தில் நல்ல வெயில்.

"மகள், சீப்பால தலை இழுத்தியா?" என்று மாமியின் குரலில் கேட்டேன்.

"ஓம் அம்மா."

"பாத்தீங்களா? எனக்கு மீசை வேற முளைக்குது. இந்த மூஞ்சைப் பாத்து ஆராவது அம்மா எண்டு சொல்லுவாங்களா?"

"அதைத்தானே மனே நானும் சொல்றன், புத்தி..." என்று அன்னப்பூரணியக்கா இழுத்தா.

"புத்தி இல்லக்கா, கண்ணு! அவளுக்கு என்ட மூஞ்சு தெரியல்ல. குரலை வச்சுத்தான் ஆள் பிடிக்கிறாள். ஆமிக்காரன் கத்தியிருந்தா நிண்டிருப்பாள். அவன் கையைத்தானே காட்டினான்?"

மாமி அடுத்த நாளே எங்கள் இரண்டு பேரையும் டவுனுக்குக் கூட்டிப்போனா.

அங்கே கண் டொக்டர், வளையம் வளையமாகக் கோடு போட்ட தட்டொன்றைச் செசீலியாவின் கண்ணுக்கு முன்னால் பிடித்தார். பிறகு கீழே பார்க்கச் சொன்னார். கீழ் இமை நடுவில் கூராகத் தள்ளிக்கொண்டு நின்றது.

"ம்ம்ம்," என்றார், மூக்கால். "கண்ணின்ட முன்பக்கம் பந்து மாதிரி வளைஞ்சிருக்க வேணும். இவவுக்கு அது மெலிஞ்சு, கூம்பு மாதிரி வெளியில வந்திருக்கு. கெரட்டோகோனஸ். டவுன் சின்ட்ரோம் உள்ள ஆக்களுக்கு இது கூடுதலா வரும். கண்ணைக் கசக்குவாவா?"

"எந்த நேரமும் டொக்டர். நித்திரை வருதாக்கும் எண்டு நினைச்சன்."

"இனிக் கசக்க விடப்படா. கண்ணில வைக்கிற லென்ஸ் ஒண்டு கொழும்பில செய்விக்கலாம். ஆனா உறுத்தும். இவ பொறுப்பாவா எண்டுதான்..."

"பொறுப்பன்," என்றாள் செசீலியா.

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அதுவரை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

லென்ஸ் வந்தது. முதல் நாள் கண்ணீர் ஆறாக ஓடியது. இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டு இருந்தாளே தவிர, கசக்கவில்லை.

மறுகா, லென்ஸ் பழகின பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை. மாமி கதவுப் பூட்டைக் கழற்றினா. பாலத்துச் சென்றிக்குச் செசீலியா முன்னால் தனியே நடந்தாள். பின்னால் மாமி செபமாலையோடு. அவவுக்குப் பின்னால் நான்.

ஆமிக்காரன் கையைத் தூக்கினான்.

செசீலியா 'டக்'கென்று நின்றாள்.

வா என்று கையை அசைத்தான். போனாள். கடந்து போய்த் திரும்பி நின்று, அவனைப் போலவே தானும் கையைத் தூக்கினாள். ஆமிக்காரன் சிரித்துவிட்டு விறைப்பாக நின்று காட்டினான். மாமி அழுதுகொண்டே சிரித்தா.

பாலத்துக்கு அங்கால் போனதும் எனக்கு ஒரு சின்னக் கவலை.

"இனி உன்னை ஏமாத்த ஏலாதே, செசீலியா!"

"முந்தியும் நீ ஏமாத்தல்ல."

"என்னது?"

"அம்மா 'மக...ள்' எண்டு இழுப்பா. நீ இழுக்க மாட்டாய். சுவாமி ரெண்டு தரம் இருமுவார். நீ ஒரு தரம். எப்பவும் எனக்குத் தெரியும், யாக்கோப்பு எண்டு."

 ஒருக்கா நான் ஆமிக்காரன் குரலில் 'ஐசி எங்க?' என்று கேட்டதற்கு, அன்னப்பூரணியக்காவே ஓடிப்போய் அடையாள அட்டையை எடுத்து நீட்டியவ!

"அப்ப ஏன்டி 'ஓம் அம்மா' எண்டு சொன்னாய்?"

செசீலியா என் முகத்தை ஆறுதலாக, முதல் தரம் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அப்பதானே நீ சிரிப்பாய்."