மலையில் உருண்டவள்

களைத்துப்போய் வேலையிலிருந்து திரும்பிய இசக்கியை, தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்குப் படம் பார்க்க இழுத்து வந்திருந்தாள் அம்மா கோமதியம்மாள்.

திரையில், வணிகர் கூட்டத்தைப் பூதங்கள் வாழும் மலைவழியே அழைத்துப் போனாள் ஓர் இளம்பெண். திடீரென்று பாறை சரிந்தது. அவள் பள்ளத்தில் உருண்டாள்.

அம்மா பதறிப்போனாள். "ஏட்டி, எவ பெத்த புள்ளையோ! இந்தப் பொழப்புக்கு அனுப்பிட்டு அவ அம்மை எப்படி நிம்மதியா இருக்கா?"

"வீட்டுல கஷ்டமா இருக்கும்மா."

"கஞ்சி குடிச்சாலும் நான் அனுப்ப மாட்டேன். நல்லவேளை, நீ பட்டறையில உக்காந்து தோல் தைக்கிற."

அம்மா தட்டிக்கொடுத்த தோளில் பழைய அடி இன்னும் ஆறவில்லை. இசக்கி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

திரையில் முகம் காட்டியவள் கதாநாயகி. அவளுக்கு டூப் போட்டு, செம்பூர் ஸ்டுடியோவில் முதுகு காட்டி உருண்டவள் இசக்கி.