சுவரில் நகரும் வெயில்

நான்காம் மாடி ஏ.சி. இயந்திரம் தினமும் பிற்பகலில் மின்சாரத்தை அள்ளிக் குடிக்கிறது. அது கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும் என்று அறிக்கை எழுதியவன் அவன்தான். மேலாளர் இன்று அதில் கையெழுத்திடப்போகிறார். அவனோடு மின் செலவை ஆராய்கிற தோழியோ, மடிக்கணினியைக் குழந்தைபோல் இடுப்பில் இடுக்கிக்கொண்டு அந்த மாடியில் ஒரு சுவரையே பார்த்து நிற்கிறாள்.

“என்ன, சுவர்ல படம் ஓடுதா?”

“ஓடுது. மழை நாள்ல மட்டும் நம்ம மின் செலவுக் கோடு ஏறவே இல்ல, கவனிச்சியா? பேசாம பாரு.”

ஜன்னல் வெயில் சுவரில் மெல்ல ஊர்ந்து, அறையின் சூட்டை அளக்கும் சிறிய வெள்ளைப் பெட்டியைத் தொடுகிறது. சற்றைக்கெல்லாம் மேலே இயந்திரம் உறுமத் தொடங்குகிறது. மேசைகளில் இருப்பவர்கள் தலை நிமிராமலே சால்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். அவள் வெயிலுக்குக் குறுக்கே கையை நீட்டுகிறாள். விரல் ஓரங்கள் சிவந்து ஒளிர்கின்றன. உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தணிகிறது. மாதக்கணக்காக அவன் பார்த்துச் சலித்த கோடு மடிக்கணினித் திரையில் கீழே இறங்குகிறது. தன் அறிக்கை தப்பானதற்கு வெட்கம் வரும் என்று காத்திருக்கிறான், வியப்புதான் வருகிறது.

“கை வலிக்குதுடா. அவர் கையெழுத்துப் போடறதுக்குள்ள ஓடு.”

“நீயே போய்ச் சொல்லு. கண்டுபிடிச்சது நீ. நான் வெயில மறைச்சுக்கறேன்.”

அவள் போகிறாள். அவன் புறங்கையில் வெயில் சுடுகிறது, இத்தனை நாளும் அந்தப் பெட்டி தாங்கிய சூடு.