குற்றத்துக்கு ஒரு வாரிசு

இழவு வீட்டில் பூட்ஸைக் கழற்றாமல் உட்காரவும் இந்தப் போலீஸ்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் பரிமளா. கணவன் அருணகிரியின் பதினாறாம் நாள் காரியம் அப்போதுதான் முடிந்திருந்தது. உதவி ஆய்வாளர் ரேகைக் கருவியை நீட்டினாள்.

"உங்க வீட்டுக்காரர் மேல இருக்கறது எல்லா மாநில போலீஸும் பாக்கற குற்றப் பதிவும்மா. ஆள் இல்லாம விட முடியாது. வாரிசு யாராவது விரல் வெச்சா போதும், அவங்க பேருக்கு மாறிடும்."

கல்லூரி நாளில் ஒரு மறியலில் பேருந்துக் கண்ணாடி உடைந்தது. உடைத்தது அருணகிரி இல்லை என்று நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தப் பதிவு எந்த ஊருக்குப் போனாலும் அவனுக்கு முன்னால் போய் நின்றது.

பரிமளா கொழுந்தனைப் பார்த்தாள். அண்ணனுக்கு வாரிசு நான்தான் என்று காலையில் சண்டை பிடித்துத் தலையில் உருமால் கட்டிக்கொண்டவர், இப்போது அவசரமாக அதை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வாரிசுன்னா பொண்ணுதானே அண்ணி," என்றார்.

பந்தியில் சாப்பிட்ட அவர் கை இன்னும் காயவில்லை.

மகள் துளசி அடுத்த மாதம் புனேயில் வேலைக்குச் சேர வேண்டியவள். "நானே வெச்சிடறேம்மா," என்று கையை நீட்டினாள். பரிமளா அதைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"யாரும் வைக்கலேன்னா இறப்புச் சான்று வராது," என்றாள் உதவி ஆய்வாளர். "வீடு உங்க பேருக்கு மாறாது. எங்களைப் பொறுத்தவரை அவர் உயிரோடதான் இருப்பார்."

"அண்ணி, வீடு..." என்று பதறினார் கொழுந்தன்.

"செய்யாத தப்புக்கு எங்க வீட்ல வாரிசு கிடையாதும்மா," என்றாள் பரிமளா மெதுவாக. "அவர் உயிரோடயே இருக்கட்டும்."