வெறும் ஜலதோஷம்

"பெப்பர்மிண்ட்டை முழுங்கிடாதே. கவுண்டர் தாண்டற வரைக்கும் ஒரு இருமல் வரப்படாது, கேட்டியா?"

சேஷன் மகளின் காதில் ரகசியமாகச் சொன்னார். எட்டு வயது சுப்புலக்ஷ்மி தலையாட்டினாள். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடுமென்று அவளுக்குப் பயம்.

பிறந்ததிலிருந்தே அவளுக்கு நுரையீரல் கோளாறு. மெட்ராஸில் பெரிய டாக்டரிடம் காட்டப் புறப்பட்டிருந்தார்கள். "மேலே போனா இவளுக்குக் காத்து போறாது. இதைக் கவுண்டர்ல குடுத்தா பிளேன்லயே ஆக்ஸிஜன் வெச்சுக் குடுப்பா. உசிர் விஷயம், மறந்துடாதேங்கோ" என்று உள்ளூர் டாக்டர் தந்த கடிதம் சேஷனின் சட்டைப் பையில் இருந்தது.

கொடுத்தும் இருப்பார். ஆனால் திருவனந்தபுரம் விமான நிலையத்தில், வரிசையில் அவருக்கு நேர் பின்னால் ஸ்ரீகண்டன் வந்து நின்றுவிட்டார். வலியசாலையில் அடுத்த வீட்டுக்காரர். வரும் தையில் சேஷனின் மூத்த பெண் வடிவாம்பாளைத் தன் பிள்ளைக்கு எடுத்துக்கொள்ளப் போகிறவர்.

"நானும் மெட்ராஸ்தான்" என்றார். என்ன வேலையென்று சொல்லவில்லை. "குழந்தை ஏன் வாடிப் போயிருக்கா?"

"நேத்து ஐஸ் போட்டு சர்பத் குடிச்சா. வெறும் ஜலதோஷம்" என்றார் சேஷன். பொய் தயாராகவே இருந்தது.

நெஞ்சு வியாதி உள்ள குடும்பம் என்று தெரிந்தால் யார் பெண் எடுப்பார்கள்? இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். இருமல் அந்தப் பக்கம் கேட்காமலிருக்க மூன்று வருஷமாக ரேடியோவை அலற விட்டுக்கொண்டிருந்த சாமர்த்தியசாலி அவர்.

கவுண்டர் இளைஞன் பட்டியலைப் பார்த்தான். "சாரே, இந்தக் குட்டிக்கு ஆக்ஸிஜன் வேணும் அல்லே?"

டாக்டர் போன் பண்ணித் தொலைத்திருக்கிறார் என்று நினைத்தார் சேஷன்.

"யார் சொன்னா? அதெல்லாம் வேண்டாம். வெறும் ஜலதோஷம்."

"சிலிண்டர் ரெடியா இருக்கு சாரே. வேண்டாம்னா எழுதிக் கையெழுத்து போடணும். பின்னே மேலே போய்க் கேட்டா கிட்டாது."

சுப்புலக்ஷ்மி அப்பாவின் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகங்கள் நீலம் பாரித்திருந்தன. இருமலை அடக்கி அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

சேஷன் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் கை எழுதாது. பேனாவை வாங்கி, 'ஆக்ஸிஜன் தேவையில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெற்ற பெண்ணின் மூச்சை எழுதிக் கொடுத்துவிட்டோமே என்று அந்த நிமிஷமே உடம்பு கூசியது. ஆனாலும் தாளைத் திரும்ப வாங்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பின்னாலிருந்து ஒரு கை நீண்டு, அந்தத் தாளை எடுத்து இரண்டாகக் கிழித்தது. ஸ்ரீகண்டன் குரலை உயர்த்தாமல் சொன்னார்:

"ரேடியோ எவ்வளவு அலறினாலும் இருமல் சுவர் தாண்டிக் கேக்காதா? ஆக்ஸிஜன் வேணும்னு முன்னாடியே எழுதிக் குடுத்ததே நான்தான், சேஷன்."