நாற்பத்தியொரு விரிசல்கள்

பாலம் பளபளவென்று இருந்தது.

அவள் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள்.

கைப்பிடிச் சுவருக்கு மஞ்சளும் கறுப்பும். தூண்களுக்கு வெள்ளை. சாலையின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடர் கோடு. முகப்பில் வாழைமரம் வேறு.

சிவப்பு வட்டங்களைக் காணோம்.

நாற்பத்தியொரு விரிசல்கள். ஒவ்வொன்றையும் சுற்றி அவளே வட்டம் போட்டு எண் எழுதியிருந்தாள். நகராட்சியின் உதவிப் பொறியாளரே படகில் நின்றுகொண்டு தூணுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்து ஊர் சிரித்தது. சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தாள். சென்னையிலிருந்து ஆய்வுக் குழு வரும். எண்களைப் பார்த்துக்கொண்டே நடக்கும். புதுப் பாலத்துக்கு நிதி கொடுக்கச் சொல்லி எழுதும். ஏழு வருடமாக அவள் மனு மேல் மனு போட்டது அதற்காகத்தான்.

கடைசி இரண்டு நாள் கோப்போடு கலெக்டர் அலுவலகத்தில் கிடந்தாள்.

அந்த இரண்டு நாள் நகராட்சி ஆட்களுக்குப் போதுமாக இருந்தது.

மேற்பார்வையாளர் சேர்மக்கனி சிரித்த முகத்தோடு ஓடி வந்தார். பதினெட்டுக் கொத்தனார்களை விட்டுப் பூசினாராம். நகராட்சித் தலைவரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலை வாங்கினாராம்.

"ஒரு விரிசல் வெளிய தெரியாது மேடம். தடவிப் பாத்தாலும் தெரியாது."

அவரைத் திட்ட வாய் வரவில்லை. பெரிய மனிதர் வருகிறார் என்றால் வெள்ளையடிக்க வேண்டும். இந்த நகராட்சிக்குத் தெரிந்த ஒரே மரியாதை அது. நோயாளிக்குப் பவுடர் பூசி, பொட்டு வைத்து, வைத்தியரிடம் கூட்டிப்போகிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. நகராட்சித் தலைவர் சால்வை போட்டார். இளநீர் கொடுத்தார்.

குழுவின் மூத்த பொறியாளரிடம் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மூன்றாம் தூணில் மணிக்கட்டு வரை கை நுழையும் என்றாள். உள்ளே கம்பி துருப்பிடித்துப் பென்சில் கனத்துக்கு இளைத்துவிட்டது என்றாள். கைப்பேசியில் படங்களைக் காட்டினாள்.

அவர் பொறுமையாகப் பார்த்தார். அதைத்தான் சரிசெய்துவிட்டீர்களே என்றார்.

தலைவர் பெருமையாகத் தலையாட்டினார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது அவருக்குத் தெரியவில்லை.

அவள் ஒரு சுத்தியலை வாங்கிக்கொண்டு கரையோரத் தூணுக்கு இறங்கினாள். புடவை சேற்றில் புரண்டது. ஓங்கி அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

வெள்ளைத் தூள் பறந்தது. பூச்சு விழவில்லை. சிமெண்டைத் தாராளமாகக் கொட்டிக் குழைத்திருந்தார்கள். இருபது வருடத்தில் இந்த நகராட்சி ஒழுங்காகச் செய்த ஒரே வேலை அதுதான்.

மூத்த பொறியாளர் அவளை மேலே வரச் சொன்னார். அவர் குரலில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

"இதவிட மோசமா பதினோரு பாலம் பாத்துட்டு வர்றேம்மா. கண்ணுல படுறதத்தான் நான் எழுத முடியும்."

எழுதினார்.

நிலை: நன்று. அடுத்த ஆய்வு ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

தலைவர் முதல் வரியை மட்டும் படித்தார்.

வண்டிகள் கிளம்பியதும் அவர் கண் பாலத்தின் தலைமாட்டில் நின்ற இரும்புத் தடுப்பின் மேல் விழுந்தது. ஆட்டோவும் பைக்கும் மட்டும் நுழையும் உயரம். அக்கரையிலும் அதேபோல ஒன்று. இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் பிடிவாதமாக நின்று வைத்தவை. அன்றிலிருந்து பேருந்து இக்கரையோடு நின்றுவிடும். அக்கரையின் அறுநூறு வீட்டுக்காரர்களும் வேகாத வெயிலில் மீன்கூடையோடு நடந்தார்கள். மூன்று நாள் அவள் அலுவலக வாசலில் உட்கார்ந்து அவளை வாய்க்கு வந்தபடி வைதார்கள். அவள் வீட்டுக்கு மீன் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்து, இன்றுவரை கொடுக்கவில்லை.

வெறுக்கட்டும், உயிரோடு இருந்து வெறுக்கட்டும் என்று பொறுத்துக்கொண்டாள்.

நன்று என்று சென்னையே எழுதிவிட்டது, இனி இது எதற்கு என்றார் தலைவர். வெல்டர் பக்கத்திலேயே இருந்தார். அவள் முடியாது என்றாள். எழுத்தில் ஆணை வேண்டும் என்றாள். திங்கட்கிழமை தருகிறேன் என்றார். தீப்பொறி பறந்தது. தடுப்பு சாய்ந்ததும் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

அக்கரைத் தடுப்பையும் கூட இருந்து எடுத்துவிட்டு வரும்படி அவளிடமே சொன்னார்.

அவள் மறுபேச்சுப் பேசாமல் வெல்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அக்கரைக்குப் போனாள். போய் இறங்கியதும், சிலிண்டரோடு அப்படியே வீட்டுக்குப் போய்விடுங்கள் என்றாள். வேலை போனாலும் போகட்டும். இந்தத் தடுப்பு நிற்கிற வரைக்கும் பெரிய வண்டி எதுவும் இதைத் தாண்டாது. ஏழு வருடத்தில் உருப்படியாக ஒன்றைக் காப்பாற்றிவிட்டோம் என்று இருந்தது அவளுக்கு.

பாலத்தின் மேல் ஹாரன் சத்தம் கேட்டது.

திரும்பினாள்.

இக்கரையில்தான் தடுப்பு இல்லையே. பேருந்து ஏறிவிட்டிருந்தது. உள்ளே நிற்க இடமில்லை. படிக்கட்டில் ஆட்கள். கூரை மேல் மீன்கூடைகள்.

அவள் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டிக்கொண்டே அதை நோக்கி ஓடினாள்.

ஜன்னல்களிலிருந்து கைகள் நீண்டன. பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களும் கையாட்டினார்கள். இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவளைப் பார்த்துச் சிரித்தார்கள்.