ஆகாய மார்க்கமாக

முத்துலிங்கம் பெட்டி அடுக்குகிற நேரம் பார்த்துத்தானா தங்கச்சி வந்து நிற்க வேண்டும்?

பயணம் என்னவோ புதன்கிழமைதான். இன்று வெள்ளி. ஆனால், ஆகாயவிமானத்தில் மதராஸ் போகிற முதல் கண்டி அரிசிக்கடைக்காரர் அவர். அவசரமாகவா அடுக்க முடியும்?

"ஞாயித்துக்கிழமை மகளுக்குக் கல்யாணம், அண்ணே. தோட்டத்துக் கோயில்லதான். தாய்மாமன் நீங்க வந்து நிக்கணும்" என்றாள் அழகம்மா. பன்வில தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள்.

முத்துலிங்கம் கதிரையில் சாய்ந்தார்.

"பன்வில என்ன பக்கத்துலயா இருக்கு? பதினஞ்சு மைல். மலைப்பாதை. போனா ஒரு நாள் பாழ். உடம்பு அலுத்துட்டா அப்புறம் நான் எப்படிப் பறக்கிறது?"

"மதராசு ரொம்பத் தூரமாண்ணே?"

அவர் முகம் மலர்ந்தது. இதல்லவா கேட்க வேண்டிய கேள்வி.

"தூரமா? அதெல்லாம் அந்தக் காலம். தலைமன்னாருக்கு ரயிலு, அப்புறம் கப்பலு, மறுபடி ரயிலுன்னு ரெண்டு நாள் இடுப்பு ஒடியும். இப்ப காலையில இரத்மலானையில பிளேன் ஏறினா மத்தியானச் சாப்பாடு மதராசுல. நானூறு மைலும் நாலஞ்சு மணி நேரத்துல. உலகமே சுருங்கிப்போச்சு, அழகு."

"நல்லா இருக்கட்டும். அங்க என்ன சோலிண்ணே?"

"கூட்டத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க. பெரிய மனுசங்க வருவாங்க."

அலுமாரியைத் திறந்து ஒரு சேலையை எடுத்து நீட்டினார். "இதைச் சீரா வச்சுக்க. நானே வந்த மாதிரி."

"சேலை பொண்ணு கையைப் பிடிச்சு மணவறைக்குக் கூட்டிட்டுப் போகாதுண்ணே."

முத்துலிங்கம் குனிந்து கோட்டின் மடிப்பைச் சரிசெய்யத் தொடங்கினார். விமானத்தில் கசங்கிவிடக் கூடாதல்லவா.

அழகம்மா சேலையை மேசைமேல் வைத்துவிட்டு ரயிலடிக்கு நடந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து லயத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிப்போனார். பெண் தலை நிமிரவே இல்லை.

அந்த வாரமே மதராஸ் மண்டபத்தில் முத்துலிங்கம் மாலையும் கழுத்துமாக எழுந்தார்.

"இலங்கைத் தோட்டத்துத் தமிழர்களின் அநாதை நிலையைச் சொல்ல வந்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே ஓர் ஏழைப் பெண்ணுக்குக் கல்யாணம். கைப்பிடித்து மணவறைக்கு அழைத்துப்போக ஒரு தாய்மாமன் வரவில்லை. சொந்தங்கள் எட்டிப் பார்க்காத மண் ஐயா அது…"

குரல் உடைந்துவிட்டது. சபையே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் தழுதழுத்துக் கேட்டார்:

"பாவம் அந்தப் பெண். தாய்மாமன் எங்கேதான் போய்விட்டான்?"

முத்துலிங்கம் துண்டால் முகத்தை ஒற்றிக்கொண்டார்.

"வந்து சேர முடியாத தூரத்தில் இருக்கிறான், ஐயா."