பதினேழாவது நட்சத்திரம்

அந்தக் குட்டி கேலக்ஸியில் நப்பின்னையால் வேகம் அளக்க முடிந்தவை இருபத்து மூன்றே நட்சத்திரங்கள். அவை ஓடும் வேகத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத இருள்பொருள் ஏராளமாக இருந்து இழுத்துப் பிடிக்காவிட்டால் எப்போதோ சிதறிப் போயிருக்க வேண்டும். அவளுடைய ஆறு வருட ஆராய்ச்சி அதுதான். ஆனால் பதினேழாவது நட்சத்திரத்தை நீக்கினால் அந்த இருள்பொருளில் பாதி காணாமல் போனது. அது ஒரு துணை நட்சத்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தால், அளந்த வேகத்தை நம்ப முடியாது. இன்னொரு முறை அளக்கும்போது வேகம் மாறியிருந்தால், துணை இருப்பது உறுதியாகிவிடும். தொலைநோக்கி கேட்டு அவள் அனுப்பிய மூன்று விண்ணப்பங்களும் திரும்பி வந்தன. கடைசியில், தனக்குக் கிடைத்த ஒரே இரவில் வேறு கேலக்ஸிகளைப் பார்க்கப் போயிருந்த பக்கத்து அறை அறவாழி, அந்த நட்சத்திரத்தையும் அளந்து அனுப்பினார். வேகம் மாறியிருந்தது.

“முருகா!” என்று நெற்றியில் அடித்துக்கொண்டு அவருக்குப் போன் செய்தாள். “இதுக்கு நீங்க பாக்காமலே இருந்திருக்கலாம் சார். என் பொழப்புல மண்ணு!”

“கோவிச்சுக்காதம்மா. என் வேலை சீக்கிரமே முடிஞ்சிருச்சு, தொலைநோக்கி சும்மாதான் நின்னுச்சு. அதான் பாத்தேன்.”

எரிச்சலோடு போனை வைத்தாள். அவர் அனுப்பிய கோப்போடு அன்றைய பதிவேடும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அவருடைய பட்டியலில் ஆறு கேலக்ஸிகள். நான்குக்கு எதிரே ‘பார்க்கவில்லை’ என்றிருந்தது. அவளுடைய நட்சத்திரத்துக்கு எதிரே, நான்கு மணி நேரம்.

நப்பின்னை அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் பட்டியலைத் திறந்து பதினேழாவது வரியைத் தன் கையாலேயே நீக்கினாள். மறுபடி போனை எடுத்தவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.